அடிக்கிறான், கடிக்கிறான், பள்ளியில் டி.சி. என்கிறார்கள்: ஆலோசகரை வீட்டுக்கு அழைக்கலாமா?

திருப்பூர் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கணவர் நிட்டிங்கில் இருக்கிறார். அவர் வீடு திரும்ப இரவு ஒன்பது மணி ஆகும். லைன் வீடு, ஒரு அறையும் சமையலறையும். மாமியார் உடன் இருக்கிறார். மகனுக்கு எட்டு வயது, தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. மகளுக்கு மூன்று வயது. பையன் முன்பெல்லாம் சேட்டைக்காரன், அவ்வளவுதான். ஆறேழு மாதமாக அடிக்கிறான், பொருளை வீசுகிறான், கெட்ட வார்த்தை பேசுகிறான். தங்கையை இரண்டு முறை கடித்திருக்கிறான். வகுப்பில் ஒரு பையனை டிபன் பாக்ஸால் அடித்ததில் அவனுக்கு நெற்றி வீங்கிவிட்டது. பள்ளியிலிருந்து மூன்று முறை கூப்பிட்டுவிட்டார்கள். கடைசி முறை, "நீங்களே டி.சி. வாங்கிக்கிட்டா நல்லது" என்றிருக்கிறார்கள்.

மந்திரித்துக் கயிறு கட்டியாயிற்று. கணவர் பெல்ட்டை எடுத்தாயிற்று. அடுத்த வருடம் ஹாஸ்டலில் போட்டுவிடலாம் என்கிறார். உடன் வேலை செய்யும் ஒரு அக்கா, வீட்டுக்கே வந்து பேசும் குடும்ப ஆலோசகர் ஒருவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். சகோதரியின் கேள்விகள் இவை: "அவர் வந்து பேசினால் இவன் திருந்துவானா? டாக்டரிடம் போனால் தூக்க மாத்திரை கொடுத்துவிடுவார்களாமே? வீட்டுக்கு ஆள் வந்துபோனால் லைனில் என்ன பேசுவார்கள்? நான் வேலைக்குப் போவதால்தான் பிள்ளை இப்படி ஆகிவிட்டானா?"

அன்புச் சகோதரிக்கு,

எல்லாரும் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நாளெல்லாம் நின்றுகொண்டு துணி பார்த்துவிட்டு வந்து, சோறாக்கி, பிள்ளைகளைத் தூங்கவைத்து, அதற்கு மேல் நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதனால் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வேலைக்குப் போவதால் உங்கள் மகன் கடிக்கவில்லை. உங்கள் லைனிலேயே எத்தனை அம்மாக்கள் கம்பெனிக்குப் போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அத்தனை வீட்டிலுமா இது நடக்கிறது? இந்தக் குற்ற உணர்ச்சியைச் சுமந்துகொண்டு நீங்கள் எடுக்கும் முடிவுகள்தான் சிக்கலைக் கூட்டும். மாலையில் அவன் கத்தியதும், "பாவம், நாளெல்லாம் நான் இல்லையே" என்று விட்டுக்கொடுப்பதும் அதில் ஒன்று.

ஆலோசகரை அழைக்கலாமா என்றால், அழையுங்கள். உங்கள் வீட்டு நிலைமைக்கு அது நல்ல வழி. ஆனால் அவர் எதற்காக வருகிறார் என்று நீங்கள் நினைத்திருப்பதும் அவர் செய்யப்போவதும் வேறு வேறு. அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் மூன்றாவது வாரம் ஏமாற்றம் வராது.

அவர் உங்களோடுதான் அதிக நேரம் பேசுவார்

ஆலோசகர் பையனைத் தனியே உட்காரவைத்து நல்ல புத்தி சொல்வார், இரண்டு மூன்று முறை சொன்னால் அவன் மாறிவிடுவான் என்று எதிர்பார்க்கிறீர்கள். இந்த வயதுப் பிள்ளைக்கு அப்படி யாரும் செய்வதில்லை. கத்துவதும் கடிப்பதும் தப்பு என்று அவனுக்கு ஏற்கெனவே தெரியும். கோபம் தலைக்கேறுகிற அந்த அரை நிமிடத்தில் வேறு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அவனைச் சுற்றியிருக்கும் பெரியவர்களுக்கும் அந்த அரை நிமிடத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. வீட்டுக்கு வரும் ஆலோசகர் வேலை செய்வது அந்த அரை நிமிடத்தின் மேல்தான்.

உங்கள் கடிதத்தில் ஒரு மாலைப்பொழுதை விவரமாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆறேகாலுக்கு உள்ளே வருகிறீர்கள். கையில் பை, தோளில் சின்னவள். பையன் சுவரோரமாகச் சாய்ந்து பாட்டியின் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறான்; நாலரைக்குப் பள்ளி வேனிலிருந்து இறங்கியதிலிருந்து அதே போன். "வீட்டுப்பாடம் முடிச்சியா?" என்று கேட்டுக்கொண்டே போனைப் பிடுங்குகிறீர்கள். கத்துகிறான். சொம்பை எட்டி உதைக்கிறான். உங்கள் கையில் குத்துகிறான். மாமியார், "குடுத்துத் தொலை புள்ள, பக்கத்து வீட்டுல காது குடுக்க முடியல" என்கிறார். கொடுத்துவிடுகிறீர்கள். அமைதி. ஒன்பது மணிக்கு உங்கள் கணவர் வருகிறார். மாமியார் நடந்ததைச் சொல்கிறார். பெல்ட். மறுபடி அமைதி.

இந்த மாலையில் எல்லாரும் ஒன்று கற்றுக்கொண்டார்கள். கத்தினால், உதைத்தால் போன் திரும்ப வரும் என்று பையன் கற்றுக்கொண்டான். கொடுத்துவிட்டால் சத்தம் நிற்கும் என்று நீங்கள் கற்றுக்கொண்டீர்கள். பெல்ட்டை எடுத்தால் வீடு அடங்கும் என்று அவர் கற்றுக்கொண்டார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அந்த நொடிக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு நிம்மதி கிடைத்தது, அதனால் மறுநாளும் அதையே செய்கிறீர்கள். அமெரிக்காவில் ஓரிகான் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் இப்படிப்பட்ட குடும்பங்களின் வீடுகளுக்கே போய், யார் என்ன செய்ததும் அடுத்தவர் என்ன செய்தார் என்று நொடிக்கணக்கில் குறித்துவைத்தார்கள். அவர்கள் கண்டதும் இதைத்தான். பிள்ளையும் பெற்றோரும் ஒருவரையொருவர் தெரியாமலே பழக்கப்படுத்திவிடுகிறார்கள். இன்று உலகம் முழுக்க நடத்தைப் பிரச்சினை உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்குக் கொடுக்கும் பயிற்சிகளில் பெரும்பாலானவை இந்த வேலையிலிருந்து கிளைத்தவை.

இந்தப் பழக்கத்தை மாற்றப் பெரியவர்கள் முதலில் மாற வேண்டும். அதனால்தான் ஆலோசகர் உங்களோடும் உங்கள் கணவரோடும் மாமியாரோடும் அதிக நேரம் பேசுவார். "பிரச்சினை அவன்கிட்ட, என்கிட்ட எதுக்குப் பேசுறாங்க" என்று உங்கள் கணவருக்குக் கோபம் வரலாம். வந்தால் அதை ஆலோசகரிடமே சொல்லச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்தால் என்ன கூடுதலாகத் தெரியும்?

என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். ஒரு குடும்பம் நாலு முறை என் அறைக்கு வந்தது. வீட்டுப்பாடம் என்றாலே பையன் நோட்டைக் கிழிக்கிறான் என்பதுதான் புகார். அறையில் உட்கார்ந்து என்னென்னவோ பேசினோம். ஐந்தாவது முறை நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே விஷயம் தெரிந்துவிட்டது. அவன் எழுத உட்காரும் இடம் டி.வி.க்கு நேர் கீழே. தலைக்கு மேல் பாட்டியின் சீரியல் ஓடிக்கொண்டிருக்கிறது. எதிரே திறந்த கதவு, அதற்கு வெளியே தெருப் பிள்ளைகள் கிரிக்கெட். நாலு முறை வந்தபோதும் இதை யாரும் மறைக்கவில்லை. தினமும் பார்ப்பதால் அது சொல்ல வேண்டிய விஷயமாக அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

இன்னொரு லாபமும் உண்டு. அறையில் கற்றதை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் செய்வது கஷ்டம். கத்தல் நடக்கிற இடத்திலேயே, நடக்கிற நேரத்திலேயே ஒருவர் பக்கத்தில் நின்று, "இப்ப எதுவும் பேசாதீங்க, அடுப்புப் பக்கம் போங்க... இப்ப குரல் இறங்கிடுச்சு, இப்ப கூப்பிடுங்க" என்று சொல்லித்தந்தால் கைக்கு வந்துவிடும். தையல் கற்றவர்களுக்கு இது தெரியும். மெஷினில் உட்காராமல் தையல் வராது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஒருவர் வீட்டுக்கு வந்து டீ குடித்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனால் எதுவும் நடக்காது. பலன் கிடைப்பது அவர் சொல்லித்தருவதை நீங்கள் அடுத்த வருகைக்குள் செய்துபார்ப்பதில். முதல் ஒன்றிரண்டு முறை பையன் தங்கமாக நடந்துகொள்வான். விருந்தாளி முன்னால் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். உங்கள் வீட்டில் ஒரே அறை என்பதால், அவன் காதில் விழாமல் அவனைப் பற்றிப் பேச இடமில்லை. அந்தப் பேச்சை மட்டும் போனிலோ, ஆலோசகரின் அலுவலகத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை வருவார் என்று கேட்டிருந்தீர்கள். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல், பெற்றோருக்குத் தனியாகத் தரும் இந்தப் பயிற்சிக்கு 8 முதல் 10 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் என்று கணக்கு வைக்கிறது. வாரத்துக்கு ஒன்று என்றால் இரண்டு, இரண்டரை மாதம். உங்கள் கணவரும் இருக்கும்படி ஞாயிற்றுக்கிழமையாகக் கேளுங்கள்.

தாத்தாவின் கட்டில்

கடிதத்தின் மூன்றாவது பக்கத்தில், வேறு ஏதோ சொல்ல வந்த இடத்தில் எழுதியிருக்கிறீர்கள்: "மாமனார் இருந்தவரை அவர்தான் இவனை வேன் ஏற்றிவிடுவார். ராத்திரி அவர் கட்டிலில்தான் படுப்பான். அவர் தவறி ஏழு மாதம் ஆகிறது. இடம் இல்லாததால் கட்டிலை வெளியே நடையில் போட்டுவிட்டோம்." நாலாவது பக்கத்தில், "பாப்பா வெளியே கட்டிலில் படுத்திருந்தபோது போய்க் கடித்துவிட்டான்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

இரண்டும் ஒரே கட்டில்தானா?

பையன் மாறி ஆறேழு மாதம் ஆகிறது. தாத்தா போய் ஏழு மாதம் ஆகிறது. இதுதான் காரணம் என்று ஒரு கடிதத்தை மட்டும் வைத்து நான் அடித்துச் சொல்ல மாட்டேன். நேரில் பார்க்கிறவர்தான் சொல்ல முடியும். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை துக்கத்தைப் பெரியவர்கள் மாதிரி காட்டுவதில்லை. காரியம் முடிந்த மறுநாளே விளையாடப் போய்விடும். "அவனுக்கு ஒண்ணும் தெரியல" என்று நாமும் நிம்மதியாக இருந்துவிடுவோம். பிறகு அது கோபமாக, பிடிவாதமாக, படுக்கையில் சிறுநீர் போவதாக, பள்ளிக்குப் போகமாட்டேன் என்பதாக வெளியே வரும். உங்கள் மகன் காலையில் கைபிடித்துப் போன ஆளையும் ராத்திரி பக்கத்தில் படுத்த ஆளையும் ஒரே நாளில் இழந்திருக்கிறான். ஏழு மாதத்தில் யாராவது அவனிடம் தாத்தாவைப் பற்றிப் பேசினீர்களா? மாமியாரும் அழுகையை அடக்கிக்கொண்டுதான் இருப்பார். இதை ஆலோசகர் வரும் முதல் நாளே அவரிடம் சொல்லுங்கள்.

இதே காரணத்தால்தான் ஹாஸ்டல் இப்போது வேண்டாம் என்கிறேன். தாத்தா போன வருடமே வீட்டையும் விட்டு அனுப்பினால், "நான் கெட்டவன், அதனால் துரத்திவிட்டார்கள்" என்றுதான் அவனுக்குப் படும். அங்கே அவனைப் புரிந்துகொள்ள யார் இருக்கிறார்கள்?

ஒன்று கூடுதலாக. திடீரென்று மாறிய எந்தப் பிள்ளையிடமும், பள்ளியிலோ வேனிலோ டியூஷனிலோ யாராவது மிரட்டுகிறார்களா, தொடக்கூடாத இடத்தில் தொடுகிறார்களா என்பதையும் அமைதியாகக் கேட்டுப்பார்க்க வேண்டும். ஆண் பிள்ளை என்று விட்டுவிடாதீர்கள். அப்படி ஏதாவது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-ன்படி ஆலோசகரும் அதை மறைக்க முடியாது. காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

டாக்டரும் தூக்க மாத்திரையும்

ஆலோசகர் வருவதற்கு முன்போ, அதோடு சேர்த்தோ, ஒருமுறை டாக்டரிடமும் காட்டிவிடுங்கள். காது சரியாகக் கேட்கிறதா, பார்வை எப்படி, ரத்தசோகை இருக்கிறதா, ராத்திரி குறட்டை விடுகிறானா என்பதையெல்லாம் முதலில் பார்க்க வேண்டும். கரும்பலகை தெரியாத பிள்ளை வகுப்பில் வம்பு செய்யும். எழுத்துக்கூட்டிப் படிக்கவே வராத பிள்ளை, "முட்டாள்" என்று பேர் வாங்குவதைவிட "ரவுடி" என்று பேர் வாங்குவதே மேல் என்று முடிவு செய்துவிடும். கற்றல் குறைபாடு, கவனக்குறைவும் மிகைச் சுறுசுறுப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. ஆகியவை இருக்கின்றனவா என்று குழந்தைகள் மனநல மருத்துவரோ கிளினிகல் சைக்காலஜிஸ்டோ சோதித்துச் சொல்வார். திருப்பூர், கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. காசு செலவாகும் என்ற பயம் வேண்டாம்.

மாத்திரை பயத்துக்கு வருகிறேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் மாத்திரை கொடுப்பதில்லை. ஏ.டி.எச்.டி. உறுதியானால் பரவலாகக் கொடுக்கும் மெதில்ஃபெனிடேட் தூக்க மாத்திரையே இல்லை. அதைச் சாப்பிடும் சில பிள்ளைகளுக்குப் பசியும் தூக்கமும் குறைவதுதான் டாக்டர்கள் கவனிக்கிற பக்க விளைவு. வேண்டுமா வேண்டாமா என்பதை அவர் விளக்கமாகச் சொன்ன பிறகு நீங்கள் முடிவு செய்யலாம்.

தூக்கம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. "அப்பா வந்து எல்லாம் முடிந்து தூங்க பதினொன்றரை ஆகும், காலை ஆறரைக்கு எழுப்பிவிடுவேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு மணி நேரம். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் கணக்கு. தினமும் இரண்டு மணி நேரம் கடன் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறான். எந்த ஆலோசகரையும் கேட்காமல் இன்றைக்கே தொடங்கக்கூடியது இது. ஒன்பது, ஒன்பதரைக்கு விளக்கணைத்துவிடுங்கள்.

பெல்ட்

உங்கள் கணவரைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. பன்னிரண்டு மணி நேரம் மெஷின் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவரிடம் வாசலிலேயே புகார் சொல்கிறோம். அவருடைய அப்பாவும் அவரை அடித்துத்தான் வளர்த்திருப்பார். இப்போது அந்த அப்பாவும் இல்லை. அவரிடம் இதை மட்டும் கேளுங்கள்: "ஆறு மாசமா அடிக்கிறோமே, குறைஞ்சிருக்கா?" அடி அவனை அந்த ராத்திரிக்கு அடக்கியது. மறுநாள் அவன் டிபன் பாக்ஸை எடுத்தான். தன்னைவிடப் பெரியவர் கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பதைத்தானே அவன் பார்க்கிறான்.

பெல்ட்டை நிறுத்துவது ஆலோசனைக்கு முன்நிபந்தனை. வருகிற ஆலோசகர், "ரெண்டு போட்டாத்தான் சரிப்படும்" என்று சொன்னால் அவரை மறுபடி அழைக்காதீர்கள். வீட்டில் யாராவது உங்களையும் அடிப்பதாக இருந்தால், எல்லாரும் இருக்கும் அமர்வில் அதைச் சொல்ல வேண்டாம். ஆலோசகர் போன பிறகு அது உங்கள் மேல் திரும்பலாம். தனியாகச் சொல்லுங்கள், அல்லது பெண்கள் உதவி எண் 181-க்கு அழையுங்கள்.

டி.சி. விஷயத்தில் அவசரப்படாதீர்கள்

பள்ளிக்கும் நியாயம் இருக்கிறது. அடிபட்ட பையனுடைய அம்மாவும் உங்களைப் போல ஒரு அம்மா. அவரைப் பார்த்து வருத்தம் சொல்லியிருக்காவிட்டால் முதலில் அதைச் செய்யுங்கள்.

ஆனால் உரிமையும் தெரிந்திருக்க வேண்டும். 2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 16-ன்படி எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது. பிரிவு 17-ன்படி அடிப்பதும் மன ரீதியாகத் துன்புறுத்துவதும் கூடாது. தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், உங்கள் பள்ளி எந்த வகை என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "நீங்களே வாங்கிக்குங்க" என்று அவர்கள் சொல்வதைக் கவனியுங்கள். "சொந்த விருப்பத்தில் டி.சி. கேட்கிறேன்" என்று நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு அது நீக்கம் ஆகாது. எந்தத் தாளிலும் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டுல காட்டிட்டு வர்றேன்" என்று வாங்கி வந்துவிடுங்கள்.

சட்டத்தைக் காட்டிச் சண்டை போடச் சொல்லவில்லை. வகுப்பு ஆசிரியரைத் தனியே பார்த்து, "தாத்தா தவறினதுல இருந்து இப்படி இருக்கான், இப்ப ஆலோசனைக்கு ஏற்பாடு பண்ணியிருக்கோம், ரெண்டு மாசம் டைம் குடுங்க" என்று சொல்லுங்கள். எந்த நேரத்தில், யாரோடு, எதற்கு அடிக்கிறான் என்று ஒரு தாளில் குறித்துத் தரமுடியுமா என்றும் கேளுங்கள். அந்தத் தாள் ஆலோசகருக்கு மிகவும் உதவும். வீட்டில் நடக்கும் மற்ற விஷயங்களைப் பள்ளியில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. உங்கள் அனுமதி இல்லாமல் ஆலோசகரும் சொல்லக் கூடாது.

வருகிறவரிடம் என்ன கேட்க வேண்டும்?

நம் ஊரில் யார் வேண்டுமானாலும் "கவுன்சிலர்" என்று போர்டு மாட்டிக்கொள்ளும் நிலை இருக்கிறது. அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள். என்ன படித்திருக்கிறார்? கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்று சொன்னால், ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கும். சமூகப்பணியோ உளவியலோ படித்த நல்ல குடும்ப ஆலோசகர்களும் இருக்கிறார்கள்; பிள்ளைகளோடும் குடும்பங்களோடும் எத்தனை வருடம் வேலை செய்திருக்கிறார், சிக்கல் என்றால் எந்த டாக்டரிடம் அனுப்புவார் என்று அவர்களிடம் கேளுங்கள். ஒரு அமர்வுக்கு எவ்வளவு, எத்தனை அமர்வு என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். மொத்தப் பணத்தையும் முன்பணமாகக் கேட்டாலோ, "நூறு சதவீதம் மாத்திக் காட்டுறேன்" என்றாலோ வேண்டாம். பையனோடு கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்க யாரையும் விடக் கூடாது. நல்ல ஆலோசகர் அதை அவரே முதலில் சொல்வார். வீடியோ எடுக்கவும் விடாதீர்கள்.

அவர் கட்டணம் உங்களுக்குக் கட்டாது என்றால், அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மனஸ் எண் 14416-க்கு அழைக்கலாம். இலவசம், இருபத்திநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம். வீட்டுக்கு வரமாட்டார்கள், ஆனால் பக்கத்தில் எங்கே போவது என்று வழி சொல்வார்கள்.

மாமியாரும் லைனும்

"இதெல்லாம் ஃபாரின்காரன் பழக்கம்" என்று உங்கள் கணவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். குடும்பத்தையே சேர்த்துவைத்து மனநல சிகிச்சை செய்வதில் நம் நாடு முன்னோடி. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பங்களை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். நம் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்திலும் அந்தக் காலத்திலிருந்தே நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் தங்குவது வழக்கம். அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

லைனில் பேசத்தான் செய்வார்கள். இப்போது தினமும் கேட்கும் கத்தலைப் பற்றிப் பேசாமலா இருக்கிறார்கள்? "பையனுக்குப் படிப்புச் சொல்லித்தர டீச்சர் வர்றாங்க" என்றால் போதும். ஆலோசகர்கள் போர்டு மாட்டிய வண்டியில் வருவதில்லை.

மாமியாரைத்தான் நீங்கள் ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும். மாலை நாலரையிலிருந்து ஆறேகால்வரை பையன் அவர் பொறுப்பு. அவர் சேராமல் போன் விஷயத்தில் ஒன்றும் நடக்காது. "நீங்கதான் போன் குடுத்துக் கெடுக்கிறீங்க" என்று தொடங்கினால் அன்றோடு கதை முடிந்துவிடும். மூட்டுவலியோடு இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவருக்கு அந்த போன் ஒன்றுதான் துணை. ஆலோசகரிடம், முதல் வருகையில் மாமியாரோடு பத்து நிமிடம் தனியாகப் பேசச் சொல்லுங்கள். மூன்று பெரியவர்களும் ஒரே ஒரு விதிக்கு ஒத்துக்கொண்டால் போதும்: பள்ளி விட்டு வந்து, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் வெளியே விளையாடிய பிறகு அரை மணி நேரம் போன், கத்தினால் அன்றைக்குப் போன் கிடையாது, யாரும் இடையில் புகுந்து கொடுப்பதில்லை. முதல் நாலைந்து நாள் கத்தல் இரண்டு மடங்காகும். இத்தனை நாள் வேலை செய்த வழி திடீரென்று வேலை செய்யவில்லை என்றால் யாரும் இன்னும் வேகமாகத்தானே முட்டிப்பார்ப்பார்கள். அந்த நாலைந்து நாளில்தான் பல வீடுகள் விட்டுக்கொடுத்துவிடுகின்றன. ஐந்தாம் நாள் கொடுத்துவிட்டால், ஐந்து நாள் கத்தினால் கிடைக்கும் என்று அவன் கற்றுக்கொள்வான். அதனால் ஆலோசகர் வரும் வாரத்தில் இதைத் தொடங்குங்கள், தனியாக வேண்டாம்.

தனியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆறேகாலுக்கு உள்ளே வரும்போது முதல் வார்த்தை வீட்டுப்பாடமாக இருக்க வேண்டாம். பையை வையுங்கள், அவன் பக்கத்தில் உட்காருங்கள், அவன் பார்ப்பதை ஐந்து நிமிடம் கூடப் பாருங்கள். "இது யாரு? இவன் ஏன் ஓடுறான்?" என்று கேளுங்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கி வரும் அன்று அவன் அப்பாவையும் கால் மணி நேரம் அவனோடு விளையாடச் சொல்லுங்கள். என்ன விளையாட்டு என்று அவன்தான் சொல்ல வேண்டும், அப்பா சொல்லக் கூடாது, திருத்தவும் கூடாது. ஏழு மாதமாக அந்த வீட்டில் எந்த ஆண்பிள்ளையும் அவனோடு சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

ஆலோசகர் வருவதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். "உன்னைத் திருத்த ஆள் வர்றாங்க, இரு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முந்தின நாள் சாப்பிடும்போது இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நம்ம வீட்டுல எல்லாரும் கத்திக்கிட்டே இருக்கோம்ல. அம்மாவுக்கே பிடிக்கல. கத்தாம இருக்க எப்படின்னு சொல்லித்தர ஒருத்தங்க வர்றாங்க. எனக்கு, அப்பாவுக்கு, அப்பத்தாவுக்கு, உனக்கு, எல்லாருக்கும். அவங்க வந்ததும் நீதான் வீட்டைச் சுத்திக் காட்டணும்."

காட்டட்டும். நீங்கள் பின்னாலேயே போகாதீர்கள். நடையில் கட்டில் பக்கம் போய் நின்றால், அவனே ஏதாவது சொல்கிறானா என்று கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள்.